சனிக்கிழமைச் சங்கு

ஓக்லஹோமாவின் கெல்லம் ஊரில் சனிக்கிழமைதோறும் நண்பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். தீயணைப்பு நிலையத்துக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் மஞ்சள் குழல் அடிவயிற்றிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் அலறிவிட்டு ஓயும். சுழல்காற்று வருகிற நாளில் அது ஊதுமா, காலை வாருமா என்று பார்க்கிற ஒத்திகை அது. ஊர் நாய்கள் எல்லாம் கூடச் சேர்ந்து ஊளையிடும். அடுப்பில் பீன்ஸ் வைத்தவர்கள் இறக்குவார்கள், கடைக்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். காற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு விதியும் உண்டு. வானம் மோசமாக இருக்கிற சனிக்கிழமைகளில் ஒத்திகை கிடையாது. நிஜமா ஒத்திகையா என்று ஜனங்கள் குழம்பிவிடக் கூடாதே என்று ஊர்ச் சபையார் மூன்று கூட்டம் போட்டு, காப்பி குடித்து, கைதூக்கி நிறைவேற்றிய விதி. குழப்பம் வேண்டாம் என்று வைத்த விதிக்குள்தான் குழப்பம் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் என்பதை அந்தச் சபையில் யாரும் யோசிக்கவில்லை.

வெர்னாவுக்கு இந்த விதிகள் தலைகீழ்ப் பாடம். கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். கணவன் லாரியை எடுத்துக்கொண்டு டெக்சாஸ் பக்கம் போனால் திரும்பி வரப் பத்து நாளாகும் என்பதால் வீட்டுக்கும் கடைக்கும் அவள்தான் ராஜா, அவள்தான் மந்திரி. காற்று வந்தால் ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போக வேண்டும், சக்கரத்தின் மேல் நிற்கிற டிரெய்லர் வீட்டில் இருக்கவே கூடாது, காரில் ஏறித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது, முடிந்த பிறகு நெருப்பு பற்றவைக்கக் கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கெல்லம் பெண்களுக்கு மழையானாலும் மசக்கையானாலும் "வெர்னா என்ன சொல்றா?" என்பதுதான் கடைசிக் கேள்வி.

அவள் சொல்வதைக் கேட்காத ஒரே ஜீவன் அவள் பெற்ற சார்லா. முடியை வெட்டாதே என்றால் மறுநாள் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்பாள். எங்கோ ஓரிகானிலிருந்து வந்து தீவனக் கடையில் மூட்டை அடுக்குகிற டோபின் வேண்டாம் என்றாள் வெர்னா; அவனையே கட்டிக்கொண்டாள். ஊருக்கு மேற்கே இருக்கும் டிரெய்லர் குடியிருப்பில் வீடு வாங்காதே என்றாள், அங்கேதான் வாங்கினார்கள். இப்போது டெலியா என்று பால் மணம் மாறாத ஒரு பெண்குழந்தையும் இருக்கிறது.

டோபின் நல்ல பையன்தான். ஆனால் அவன் ஊரில் சங்கு ஊதினால் சங்குதான்; சனிக்கிழமை என்று ஒன்று தனியாகக் கிடையாது. கெல்லமுக்கு வந்து அதே குடியிருப்பில் வாடகைக்கு இருந்த முதல் வாரம், துணி துவைத்துப் போட்டது போலப் பளிச்சென்று வானம் இருந்த ஒரு சனிக்கிழமை நண்பகலில், சங்கு கேட்டதும் கையிலிருந்த தோசைக்கரண்டியோடு காற்றுக்கு ஒதுங்கக் குடியிருப்பில் தோண்டி வைத்திருக்கும் நிலவறைக்குள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டு பர்ல் போய்க் கதவைத் தட்டி, "தம்பி, ஊர்ல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சு, வெளிய வா" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அன்று முதல் அவனுக்கு ஊரில் 'சனிக்கிழமை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் மாமியார் வெர்னாதான். முடி வெட்டிக்கொள்ள வருகிற ஒவ்வொருத்திக்கும் அந்தக் கதையைக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

அந்த மே மாதச் சனிக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். தெற்கேயிருந்து ஈரக்காற்று முகத்தில் ஒட்டிக்கொண்டு வீசியது. ரேடியோவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இடியோடு மழை, அதுவும் மேற்கு மாவட்டங்களில், என்று சொன்னார்கள். சாயங்காலத்துக்குச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெர்னா கடையைத் திறந்துவிட்டாள்.

மாதா கோயிலில் பியானோ வாசிக்கும் ஓசெல்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டும் என்பதால் தலை முழுக்க முடி சுருட்டுகிற ரோலர் சுற்றி மருந்து போட்டாயிற்று. வெளியே வெளிச்சம் ஒரு மாதிரி பச்சை கலந்து மங்கியது. நாலு துளி விழுந்தது. கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி ஒன்றிரண்டு டக்கென்று விழுந்து உருண்டது. அப்போது சங்கு ஊதியது.

"வெர்னா, சங்கு ஊதுதே?" என்றாள் ஓசெல்லா.

"பன்னண்டு ஆச்சு அக்கா. சனிக்கிழமை."

"வானம் கறுத்திருக்கேடி."

"மோசமா இருந்தா டெஸ்ட் ஊதமாட்டாங்கல்ல? ஊதறாங்கன்னா மோசமில்லைன்னுதானே அர்த்தம்?"

ஓசெல்லா ரோலர் சுற்றிய தலையை ஆட்டினாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் கெல்லமில் பாதிப் பேர் இதே கணக்கைப் போட்டு, இதே விடையைக் கண்டுபிடித்து, சோள ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கில் ஓட்டை எங்கே என்று யாருக்கும் புரியவில்லை. வெர்னாவுக்கும் உள்ளுக்குள் எங்கோ ஒரு முள் உறுத்தியது. என்னவென்று பிடிபடுவதற்குள் சுவரில் மாட்டியிருந்த போன் மணி அடித்தது.

சார்லாதான். பின்னாலே குழந்தை சிணுங்குகிற சத்தம்.

"அம்மா, சங்கு ஊதுது. இவரு நிலவறைக்குப் போகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. டெலியாவுக்குக் காதுவலி, ரெண்டு நாளா தூங்கல, இப்பத்தான் கண்ணை மூடினா. வெளிய மழை வேற. என்ன பண்றது?"

"உன் புருஷனுக்குப் பைத்தியமா? மணியைப் பாருடி. சனிக்கிழமை பன்னண்டு. புள்ளை தூங்கட்டும் விடு."

"நீயே சொல்லு அவருகிட்ட." போன் கை மாறியது.

"அத்தை, இங்க மேற்கால ரொம்ப இருட்டா இருக்கு," என்றான் டோபின். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு என்னவோ சரியாப் படல."

"மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், மாப்ள. அந்த நிலவறையில எட்டுக்கால் பூச்சியும் பூஞ்சைக் காளானும் தவிர என்ன இருக்கு? காதுவலிக்காரப் புள்ளையை மழையில நனைச்சு அங்க கொண்டுபோய் வெக்கப் போறியா? ஊரோட ஒத்துப் போகக் கத்துக்கோ. இல்ல, தோசைக்கரண்டி கையில இருக்கா இன்னிக்கும்?"

நாற்காலியில் ஓசெல்லா களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கும் கேட்டிருக்கும்.

"சரி அத்தை," என்றான் டோபின். "உங்க ஊரு, உங்க காத்து." வைத்துவிட்டான்.

வெர்னா திரும்பி வந்து சீப்பை எடுத்தாள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"கேலன் பட்டன் மேலயே தூங்கிட்டான் போல," என்றாள் ஓசெல்லா. தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதுகிற கேலன் தூங்குமூஞ்சி என்று ஊரறியும். இருவரும் சிரித்தார்கள். சங்கு ஊதியது. சிரிப்பு அடங்கியது. அதற்குப் பிறகும் சங்கு ஊதியது. நாய்கள் ஊளையிடுவதை நிறுத்திவிட்டிருந்தன. வெர்னாவின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

ஒத்திகை ஒரு நிமிஷம். இது ஒரு நிமிஷம் இல்லை. அப்படியானால் நிஜம். நிஜமென்றால் சாயங்காலம் அல்லவா வரவேண்டும்? ரேடியோக்காரன் சொன்னானே. கேலன் நிஜமாகவே தூங்கிவிட்டானோ? அவள் வாசலுக்குப் போனாள். சங்கு ஊதினால் உள்ளே ஓடு என்று அரசாங்கம் சொல்லும். சங்கு ஊதினால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பது கெல்லமின் வழக்கம். எதிரே இரும்புச் சாமான் கடைக்காரரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் தெரியுதா?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் தெரியல. மழைதான். டெஸ்ட்டா இது?"

"எனக்கென்ன தெரியும்?"

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். படத்தில் காட்டுகிற மாதிரி வால் தொங்கும் மேகம் எதுவும் இல்லை. மேற்கே தரையோடு தரையாக ஒரு கருப்புச் சுவர் நின்றது, அவ்வளவுதான். அந்தச் சுவரின் அடியில், தீவன ஆலை இருக்கிற இடத்தில், நீலமும் பச்சையுமாகப் பளீர் பளீர் என்று வெடித்தது. அது மின்னல் இல்லை என்று வெர்னாவுக்குத் தெரியும். மின்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுகிற வெளிச்சம். தீவன ஆலைக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் குடியிருப்பு.

கடையில் விளக்கு அணைந்தது. சங்கும் தொண்டையை நெரித்தது போலப் பாதியில் நின்றது.

"பாத்தியா, நிறுத்திட்டான். டெஸ்ட்தான்," என்றாள் ஓசெல்லா நிம்மதியாக.

வெர்னா போனை எடுத்துச் சுழற்றினாள். செத்துக் கிடந்தது. கார்ச் சாவியை எடுத்தாள். குழந்தை தூங்கட்டும்னு சொன்னேனே, என் வாயால சொன்னேனே. வாசலுக்கு ஓடினாள். காரில் போகக் கூடாது என்று தெரியும். தெரிந்து என்ன, அந்த நேரத்தில் அவளுக்குக் கால்கள் மட்டும்தான் இருந்தன, புத்தி இல்லை. ஓர் ஆலங்கட்டி வந்து வாசல் கண்ணாடியை உடைத்தது. பின்னால் ஓசெல்லா, துணி போர்த்திய கோலத்தில், ரோலர் தலையோடு, "வெர்னா, என்னடி ஆச்சு, என்னை விட்டுட்டு எங்கடி போறே?" என்று எழுந்திருக்கத் தெரியாமல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் அங்கே, இவள் இங்கே. அங்கே போய்ச் சேர முடியாது என்று எதிரே வந்துகொண்டிருந்த கருப்பே சொன்னது. வெர்னா சாவியை வீசிவிட்டு ஓசெல்லாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பின்பக்கம் ஜன்னலில்லாத கழிவறைக்குள் தள்ளி, நாற்காலி மெத்தைகளையும் கையில் அகப்பட்ட துண்டுகளையும் தலைக்கு மேல் குவித்து, அவள் மேல் தானும் கவிழ்ந்துகொண்டாள்.

ரயில் வருகிற மாதிரிச் சத்தம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கு ரயிலும் கேட்கவில்லை, குயிலும் கேட்கவில்லை. காது அடைத்துக்கொண்டது. சுவர் மூச்சு விட்டது. தரை நடுங்கியது முதுகெலும்பில் தெரிந்தது. ஓசெல்லா ஏதோ ஜபம் சொல்லிக்கொண்டிருக்க, வெர்னாவுக்கு ஜபத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தோசைக்கரண்டி கையில இருக்கா இன்னிக்கும், என்று தன் குரலே திரும்பத் திரும்ப ஓடியது.

பிறகு அது போய்விட்டது. எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் கடையில் பாதிக் கூரை இல்லை. இருந்த இடத்தில் சாதுவான மழை பெய்துகொண்டிருந்தது. ஓசெல்லாவின் தலையில் ஒரு ரோலர்கூடக் கழலவில்லை. அவள் பையைத் துழாவி ஒரு சிகரெட்டை வாயில் வைத்து லைட்டரை எடுத்தாள். வெர்னா பாய்ந்து தட்டிவிட்டாள்.

"கேஸ் நாத்தம் வரல உனக்கு? குழாய் உடைஞ்சிருக்கு. ஊரையே கொளுத்தப் போறியா?"

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்தப் புத்தி பன்னிரண்டு மணிக்கு எங்கே போயிற்று? எல்லாம் தெரிந்தவள் என்று ஊர் சொல்கிறது. எல்லாம் தெரியும், கிழமை தெரியும், மணி தெரியும், விதி தெரியும். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்து நடுங்கிய ஒருவன் சொன்னதை மட்டும் கேட்கத் தெரியவில்லை.

ஓசெல்லாவை எதிர்க் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தாள். அவரும் பிழைத்திருந்தார், கடைதான் இல்லை. தெருவில் கார் போக வழியில்லை. காலில் பார்லர் செருப்பு, துணியில் தைத்தது. பத்தடி போவதற்குள் ஆணி ஒன்று ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தாள். அறுந்து கிடந்த கம்பிகளைக் கண்டால் மட்டும் சுற்றிப் போனாள்.

குடியிருப்புக்கு வழி அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஓக் மரம், வங்கி முனை, பச்சைப் பெயின்ட் அடித்த வீடு, அப்புறம் மேற்கே நேர் சாலை. இப்போது மரம் இல்லை, வங்கியில் முனை இல்லை, பச்சை வீடு எது என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. தானியம் சேமிக்கிற கோபுரம் மட்டும் நின்றது. ஆனால் அது இருக்கக் கூடாத பக்கத்தில் நின்றது. கோபுரம் நகர்ந்துவிட்டதா, தான்தான் திரும்பி நிற்கிறோமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

நாய்க்குட்டி ஒன்றை அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வெர்னாவிடம் மாதாமாதம் முடி வெட்டிக்கொள்பவள்.

"இது எந்தத் தெரு?" என்று கேட்டாள் வெர்னா.

"நானே உங்களைக் கேக்கலாம்னு வந்தேன்."

"நாய் உன்னுதா?"

"எங்க வீட்ல நாயே கிடையாது," என்று அந்தப் பெண் விழித்தாள். "வெர்னாக்கா, அது டெஸ்ட்தானே? நான் டெஸ்ட்டுனுதான் நெனச்சேன்."

வெர்னா நடந்தாள். வேகமாக நடந்தாள், ஆணி ஏறிய காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். வேலி தெரிந்தது, வேலிக்குப் பின்னே கற்கள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டம். ஊருக்குக் கிழக்கே இருப்பது. மகளிடம் போகிறோம் என்று இவ்வளவு நேரம் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே திரும்பினாள்.

டிரெய்லர் குடியிருப்பு இருந்த இடத்தில் படிகள் இருந்தன. டிரெய்லர் வீட்டுக்கு ஏறிப் போக ஆளுக்கு மூன்று சிமென்ட் படி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்து ஒரே கடையில் வாங்கியவை. வீடுகள் போய்விட்டன, படிகள் போகவில்லை. வரிசை வரிசையாக வானத்தை நோக்கி மூன்று மூன்று படிகள். எந்தப் படி சார்லாவின் படி? வெர்னா ஒன்றில் ஏறி, "சார்லா!" என்று கத்தினாள். இறங்கி இன்னொன்றில் ஏறிக் கத்தினாள்.

நாலாவது படியில் பர்ல் உட்கார்ந்திருந்தார். தபால் நிலையத்துக்குப் போயிருந்த மனிதர், திரும்பி வந்து பார்த்தால் குடியிருப்பைக் காணோம். கையில் எங்கிருந்தோ எடுத்த ஒரு ஸ்பூன்.

"வெர்னா, இது என் படிதானா பாரேன்," என்றார். "நானும் ஒவ்வொண்ணா உக்காந்து பாத்துட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"சார்லாவைப் பாத்தீங்களா? புள்ளையைப் பாத்தீங்களா?"

"நான் யாரையுமே பாக்கல." அவர் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோ தட்டற சத்தம் மட்டும் கேக்குது. ரொம்ப நேரமா. எனக்குத்தான் காது கெட்டுப்போச்சோன்னு உக்காந்திருக்கேன்."

வெர்னா மூச்சை அடக்கிக் கேட்டாள். தட்டுகிற சத்தம் நிஜம்தான். குடியிருப்பின் கோடியில் நிலவறையின் மண்மேடு. அதன் சாய்வுக் கதவின் மேல் ஒரு டிரெய்லரின் இரும்புச் சட்டம் சக்கரத்தோடு குறுக்கே கிடந்தது. அடியிலிருந்து யாரோ பலகையைக் குத்தினார்கள்.

"யாருடா உள்ள?" என்று அலறினாள்.

உள்ளேயிருந்து ஒரே நேரத்தில் பல குரல்கள் வந்தன, ஒன்றும் புரியவில்லை. பர்லின் காலில் உயிர் வந்தது. சாலைப் பக்கமிருந்து ஓடிவந்த நாலைந்து ஆண்கள் சட்டத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பினார்கள். வெர்னாவும் தோள் கொடுத்தாள். சட்டம் சரிந்தது, கதவு திறந்தது. ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். வெர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. இல்லை. இதுவும் இல்லை. கடைசியில், துணி போடுகிற பிளாஸ்டிக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டோபின் வந்தான். கூடைக்குள் தலையணைகளுக்கு நடுவே டெலியா, காதுவலியை மறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெர்னா குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. பிறகு டோபினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"சார்லா எங்க?"

"அவ இங்க இல்லையா?" என்றான் டோபின். "வெளிய இல்லையா? உங்ககூட இல்லையா?"

"எங்கூட எப்படிடா இருப்பா? உங்கூடத்தானே இருந்தா!"

"அத்தை, உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டேன். ஆனா போனை வெச்சதும் மனசு கேக்கல. எல்லாரும் சிரிச்சா சிரிக்கட்டும்னு புள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். அவ வரல. 'அம்மா டெஸ்ட்டுனு சொல்லிட்டாங்க, நீ போய் உன் பயத்தைத் தெளிய வெச்சுக்கிட்டு வா, நான் பாத்திரத்தைக் கழுவிடறேன்'னா. இழுத்தேன். வரல. புள்ளையை உள்ள விட்டுட்டு அவளைத் தூக்கிட்டு வரலாம்னு திரும்பினேன், அதுக்குள்ள கதவு..." சரிந்து கிடந்த இரும்புச் சட்டத்தை முகவாயால் காட்டினான்.

வெர்னா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். எதற்கு அடிக்கிறோம் என்று தெரியவில்லை. ஓங்கிய கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது, கீழே விழாமல் நிற்பதற்கு.

தேடினார்கள். வீடு எது என்று தெரிந்தால் அங்கே தோண்டலாம். எது என்றே தெரியவில்லை. டோபின் ஒரு படியைக் காட்டி இதுதான் என்றான், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு இல்லை என்றான். ஒருவர் மெத்தையைப் புரட்டினார், ஒருவர் தகரத்தைப் புரட்டினார். கண்ட இடத்தில் கால் வைக்காதே, ஆணி, என்று யாரோ கத்தினார்கள். வெர்னா பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூப்பிட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டு காது கொடுத்தாள். மறுபடி கூப்பிட்டாள். தெய்வமே, அவள் எப்போதும் போல என் பேச்சை மீறியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். எந்தத் தாயும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்க மாட்டாள்.

வேலிக்கு அப்பால் மழைநீர் ஓடும் பள்ளத்தில், கூரைத் தகரம் ஒன்றின் அடியிலிருந்து ஒரு கை தெரிந்தது. கை அசைந்தது. தகரத்தைத் தூக்கினால் சேற்றில் குப்புறக் கிடந்தாள் சார்லா. இரண்டு கையிலும் வேரோடு பிடுங்கிய புல். ஒரு தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முகம் முழுக்கச் சேறு, அதில் இரண்டு கண்கள் விழித்துப் பார்த்தன.

"டெலியா?" என்றாள் முதலில்.

"தூங்கறா," என்றான் டோபின். அவனும் பள்ளத்தில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கூரை போவதைப் பார்த்தாளாம். நிலவறைக்கு ஓடினாள், கால் தரையில் பாவவில்லை. தப்ப வழியில்லாவிட்டால் பள்ளத்தில் குப்புறப் படு, தலையைக் கையால் மூடு என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது எங்கிருந்தோ ஞாபகம் வந்து விழுந்தாள். தலையை மூடினாளா, புல்லைப் பிடித்தாளா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

உடைந்த கதவு ஒன்றில் அவளைக் கிடத்தித் தூக்கும்போது மறுபடியும் வெளிச்சம் மங்கியது. தென்மேற்கே இன்னொரு கருப்பு தரையோடு தரையாக நின்றது. எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"சங்கு ஊதலையே," என்றார் பர்ல். "ஊதலைன்னா ஒண்ணுமில்லைதானே?"

"அது மழை மேகம்தானோ?"

"வெர்னா, நீ சொல்லு. வருமா வராதா?"

பத்துப் பேர் முகமும் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பியது. வெர்னா அந்தக் கருப்பைப் பார்த்தாள். மழையாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது," என்றாள். "மாப்ள, நீ சொல்லு."

டோபின் ஒரு கணம் அவளையே பார்த்தான், கேலி செய்கிறாளோ என்று.

"பயமா இருக்கு அத்தை," என்றான்.

"அது போதும். எல்லாரும் கீழ இறங்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. சார்லாவை முதலில் இறக்கினார்கள், பிறகு கூடையை. நிலவறை நாற்றம் நாற்றமாகத்தான் இருந்தது. பர்ல் கடைசியாக இறங்கிக் கதவைச் சாத்தித் தாழிட்டார். இருட்டில் யார் எங்கே என்று தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெர்னா தடவிப் பார்த்து மகளின் தலையைக் கண்டுபிடித்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முடியில் புல்லும் கண்ணாடித் தூளும் சேறும். விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அம்மா," என்றாள் சார்லா. வலியில் குரல் உடைந்திருந்தது. கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஏதோ விளங்காத கணக்கை விளங்கிக்கொள்ளப் பார்க்கிற குரல். "பொறந்ததுலேருந்து உன் பேச்சை ஒருதடவைகூடக் கேட்டதில்ல. இன்னிக்கு ஒருநாள்தாம்மா கேட்டேன்."

மேலே கதவில் மழையோ வேறெதுவோ அடிக்கத் தொடங்கியது. வெர்னாவின் கண்ணீர் மகளின் நெற்றியில் விழுந்து சேற்றைக் கரைத்தது.

"இனிமே கேக்காதேடி," என்றாள்.